அடுத்த வீட்டு மெயின்

மறைக்கத் தெரியாதவள் எதையும் மறைக்கவே கூடாது. அப்படியே மறைத்தாலும், வினை வந்து சேர்வதற்குள் அதை எடுத்துத் தொலைக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரியாமல் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள் பெரியவள். அவள் கண்ணெதிரே, நடைச் சுவரில், வீட்டின் பழைய ஃபியூஸ் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன். பக்கத்தில் வெறுங்காலோடு, எல்லாம் தெரிந்தவர் மாதிரி நின்றார் அவள் புருஷன்.

பெரியவள் என்றால் வயதில் பெரியவள் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனும் தம்பியும் இருந்த வீட்டில் அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாமியார் வைத்த பெயர்கள். மாமியார் போய்ச் சேர்ந்ததும் மகன்கள் இருவரும் வீட்டைப் பிரித்தார்கள். பிரித்தார்கள் என்றால் சும்மா இல்லை. நட்ட நடுவில் செங்கல் சுவர் எழுப்பி, வாசற்படியைக்கூட நூல் பிடித்து வெட்டினார்கள். மீட்டர் தனி, குழாய் தனி, கேட் தனி. "அந்த வீட்டுக் காத்துகூட இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று பெரியவளின் புருஷன் போட்ட சத்தத்தில், சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்தப் பக்கம் போகக்கூடாது, பேசக்கூடாது, ஏறிட்டும் பார்க்கக்கூடாது. இதெல்லாம் பெரியவளுக்குப் போட்ட உத்தரவு.

அவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். நாள் முழுக்க லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், தொண்டையைக் கழற்ற அவருக்குத் தெரியாது. கை நீட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் குரலுக்கே பெரியவளுக்கு ஈரக்குலை நடுங்கும். வெந்நீர் ஆறியிருந்தால் ஒரு கத்தல், செருப்பு இடம் மாறியிருந்தால் ஒரு கத்தல். உண்மையிலேயே ஒரு தப்பு நடந்துவிட்டால் சில நாளைக்குப் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழுவ வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதர் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எலக்ட்ரீஷியனாகவும் அவதாரம் எடுத்தார். அடுப்படி ஃபியூஸ் போய்விட்டது. ஸ்டூலில் ஏறி, பீங்கான் கட்டையைப் பிடுங்கி, கம்பி சுற்றி, திரும்பச் செருகி, "ஆச்சு, போ. இதுக்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டா ஊர் சிரிக்கும்" என்று கையைத் தட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். விளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. அவர் கை வைத்து எரியாமல் போகுமா!

எரியவில்லை. கட்டை உட்காரும் பித்தளையே கருகி உதிர்ந்திருந்தது. புதுக் கம்பி சுற்றி என்ன பிரயோஜனம்? எரியவில்லை என்று சொன்னால் கத்துவார். சொல்லாமல் விட்டால் பிரிட்ஜில் பால் கெட்டுப்போகும், அதற்கும் கத்துவார். இருதலைக்கொள்ளி எறும்பாக அவள் தவித்தபோதுதான், பிரிட்ஜுக்குப் பின்னால் பழைய குழாய் போன ஓட்டை வழியாகச் சின்னவளின் குரல் வந்தது.

"அக்கா, என்ன, பிரிட்ஜ் சத்தமே காணோம்?"

சண்டை புருஷர்களுக்குத்தான். ஓரகத்திகள் இருவரும் அந்த ஓட்டை வழியாகக் குசுகுசுவென்று பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சின்னவள் கெட்டிக்காரி, அதாவது தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்கிறவள். நீளமான வயர் ஒன்றை எடுத்தாள், இரண்டு முனையிலும் பிளக்கை மாட்டினாள். ஒரு பிளக் அவள் அடுப்படி சுவரில், இன்னொரு பிளக் ஓட்டை வழியாக வந்து பெரியவள் அடுப்படி சுவரில். சுவருக்குள் ஓடும் வயரெல்லாம் அந்தப் பிளக் வழியாகவே உயிர் பெற்று, விளக்கு எரிந்தது, பிரிட்ஜ் ஓடியது. சாயங்காலம் வந்தவர் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தியா? கை வச்சா சும்மாவா?"

போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். கிடங்கில் ஒருவருக்கு ஃபியூஸ் கட்ட வருவதாக வாக்குக்கூடக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் பெரியவள் எந்த வாயால் சொல்வாள்? காற்றுகூட வரக்கூடாது என்றவர், தம்பி வீட்டுக் கரண்டில் குளிர்ந்த தண்ணீரைத் தினமும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். அவளும் அதை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் மின் அலுவலகத்து ஆள் மீட்டர் பார்க்க வந்தார். மரப்பலகை, கருகிய பீங்கான், எர்த் இல்லாத வயர் எல்லாவற்றையும் பார்த்து, தலையில் அடித்துக்கொள்ளாத குறை. போர்டை மாற்றாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி வந்து சேர்ந்தவர்தான் இந்த எலக்ட்ரீஷியன். தெருவில் அவருக்கு விதிப்படி என்று பெயர். வாயைத் திறந்தால் அந்தச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. எர்த் விதிப்படி அடிக்கணும், வயர் விதிப்படி போகணும், தாகமாக இருக்கிறது என்பதைக்கூட அவர் விதிப்படிதான் சொல்லுவார் என்று கேலி செய்வார்கள்.

பெரியவளிடம் ஒரு திட்டம் இருந்தது. சின்னவள் மருந்து டப்பா அடைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் வீட்டைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுத்தான் போவாள். ஆள் இல்லாத வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயம். மத்தியானம் மூன்று மணி வாக்கில் திரும்பி வந்ததும் முதல் காரியமாக மெயினைத் தூக்கிவிடுவாள். ஆக, பகலில் அந்த வயரில் கரண்ட் கிடையாது. எலக்ட்ரீஷியன் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். சின்னவள் வருவதற்குள் வேலை முடிந்துவிடும், அடுப்படிக்குச் சொந்தக் கரண்ட் வந்துவிடும், அப்புறம் சாவகாசமாகப் பிளக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். காதும் காதும் வைத்த மாதிரி கதை முடிந்தது.

எலக்ட்ரீஷியன் வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்!

காலையிலேயே பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பதற்கென்ன. பிரிட்ஜை இழுக்காமல் பிளக்குக்குக் கை போகாது. இழுத்தால் தரை கிறீச்சிடும். அவரோ லீவு போட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனை எதிர்பார்த்து, அடுப்படி வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எதுக்கு இழுக்குற?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அதனால் பூனை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதிப்படி முதலில் இரும்பு மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். அதன் காதில் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க பூட்டு? இங்க நாங்க ரெண்டு பேர்தானே?" என்றார் புருஷன்.

"யாராவது தெரியாம போட்டுட்டா என் பொண்டாட்டி தாலி போயிடும் சார். விதிப்படி பூட்டணும்."

பூட்டின மெயின் இங்கே இருக்கிறது. பூட்டாத மெயின் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் சாவி இவர் பையில் இல்லை.

அவர் ஒவ்வொரு வயராக டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எதிலும் டெஸ்டரின் சின்ன விளக்கு எரியவில்லை. பிறகு பீங்கான் கட்டைகளைப் பிடுங்கினார். அடுப்படிக் கட்டையைப் பிடுங்கியவர் அப்படியே நின்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுக் கரியைச் சுரண்டினார்.

"சார், இது செத்துப்போய் ரொம்ப நாளாச்சே. இதுல எப்படி அடுப்படி எரிஞ்சுது?"

"நான் கட்டினது. எரியாம?"

"கம்பி கட்டியிருக்கீங்க, சரி. கம்பி தொடுறதுக்கு அங்க பித்தளையே இல்லையே சார்." அவர் திரும்பிப் பெரியவளைப் பார்த்தார். "ஏம்மா, அடுப்படியில கரண்ட் இருந்துச்சா?"

இருந்தது அந்த ஒரு சந்தர்ப்பம்தான். கடவுளே கதவைத் திறந்து, வா, சொல்லிவிடு என்று கூப்பிட்ட மாதிரி. பெரியவள் வாயைத் திறந்தாள். புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், புருவம் ஒன்று மேலே ஏறியிருந்தது.

"இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் வந்தது. மீதியை மென்று விழுங்கிவிட்டாள். அவளை என்ன செய்தால் தகும்!

விதிப்படி தலையைச் சொறிந்தார். "அப்ப வேற எங்கேருந்தோ ஒட்டு வாங்கியிருக்கு. கூடத்து லைன்லேருந்து இருக்கலாம். அப்படிக் கலக்கக்கூடாது, தேடிப் பார்த்துப் பிரிக்கணும். சார், இந்த ரெண்டு வயரை மட்டும் இப்போதைக்கு யாரும் தொட வேணாம். மத்ததை முடிச்சுட்டு வரேன்."

அடுப்படிக்குப் போகும் இரண்டு வயரும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு, செம்பு நுனி பல்லை இளித்துக்கொண்டு தொங்கின. பழைய பலகை கீழே இறங்கியது. விதிப்படி புதுப் பெட்டியைச் சுவரில் வைத்து மட்டம் பார்த்து, திருகு போட ஆரம்பித்தார். ஆளுக்கு ஷாக் அடித்தால் கண் இமைக்கிற நேரத்தில் தானாக விழுந்துவிடும் சுவிட்ச் அதில் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினார். ஆனால் அது இன்னும் பெட்டிக்குள் வெறுமனே உட்கார்ந்திருந்தது. எந்த வயரும் அதற்கு மாட்டவில்லை. இந்த நேரத்தில் இந்த வீட்டில் ஒருவரையும் காப்பாற்ற எதுவும் இல்லை.

பெரியவள் மெதுவாகப் பின்கட்டுக்குப் போய்ச் சின்னவளுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள், வெளியே வந்தாலும் பையின் அடியில் போட்டுவிட்டு மறந்துவிடுவாள் அந்தப் புண்ணியவதி. மறுபடி அடித்தாள். மறுபடியும் மணிதான் அடித்தது. கை வேர்த்துப் போன் வழுக்கியது.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று அடுப்படிக்குள் நுழைந்தாள். பிரிட்ஜின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி, சத்தம் வராமல் ஒரு சாண் நகர்த்தினாள். சுவருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் தோளை நுழைத்துக் கையை நீட்டினாள். ஒட்டடை முகத்தில் அப்பியது. பிளக் கையில் பட்டது. இழுத்தாள். வரவில்லை. ஆட்டி இழுத்தாள். அசையவில்லை. இத்தனை மாதம் சூடேறி, பிளாஸ்டிக் இளகி, சுவர்ப் பலகையோடு ஒட்டிப் போயிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பாழாய்ப்போன பிளக் மட்டும் வரவில்லை.

"அங்க என்னடி உருட்டுற?"

அவள் வெடுக்கென்று வெளியே வந்தாள். "பூச்சி... பூச்சி ஓடுச்சுங்க."

"பூச்சிக்குப் பிரிட்ஜைத் தூக்குவியா? இங்க வந்து டார்ச்சைப் புடி."

வந்தாள். டார்ச்சைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்தாள்.

தொடாதே என்றால் அதைத்தான் தொடுவார் அவர். எலக்ட்ரீஷியன் முதுகைக் காட்டித் திருகு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, அடுப்படி வயரின் செம்பு நுனியை விரலால் பிடித்துப் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையைக் குறை சொன்னவருக்குச் சுத்தம் என்றால் என்ன என்று காட்டுகிறாராம். வெறுங்கால். சிமெண்ட் தரை. அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்த ஈரம் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வேறு ஏதாவது வயரைத் தொட்டிருக்கக்கூடாதா? இத்தனை வயர் தொங்குகிறதே!

'சொல்லிவிடு' என்றது மனசு. 'அவ வர இன்னும் நேரம் இருக்கு' என்றது பயம். 'இப்ப முடிச்சுடுவார், கையை எடுத்துடுவார், இதோ, இதோ எடுத்துடுவார்.' எடுக்கவில்லை. ஒரு நுனியை முடித்துவிட்டு அடுத்ததைப் பிடித்தார். அவளுக்கு வேர்வை காதுக்குப் பின்னால் வழிந்தது. டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் தாவியது.

"நேராப் புடிடி!"

"ம்."

சுவருக்கு அந்தப் பக்கம் கேட் கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்தை அவள் தினமும் கேட்பாள். கேட்டதும் முகம் மலரும், அடுப்படிக்குள் போய் ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்பாள். இன்று அதே சத்தம் நெஞ்சில் உலக்கையால் இடித்தது. செருப்பு உதறும் சத்தம். சாவிக்கொத்துச் சத்தம். கதவைத் திறந்தால் மெயினுக்கு ஐந்தாறு எட்டுதான்.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, குரல் வெளியே வரவே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள்.

"கையை எடுங்க!"

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை. விதிப்படி திருகாணியைக் கீழே போட்டுவிட்டார். புருஷனோ திரும்பி முறைத்தார். வயர் இன்னும் அவர் விரலில் இருந்தது.

"என்னடி?"

"விடுங்க! வயரை விடுங்க! அந்த வீட்டுக் கரண்ட் வருதுங்க! விட்டுத் தொலைங்களேன்!"

அவர் விடவில்லை. புரிந்தால்தானே விடுவார்? புரிந்துகொண்டவர் விதிப்படிதான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் புருஷனின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். வயர் நழுவிச் சுவரில் மோதி ஆடியது.

"யோவ்!" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார் புருஷன். "பைத்தியமா ரெண்டு பேருக்கும்?"

விதிப்படி பதில் பேசாமல் டெஸ்டரை வயரின் நுனியில் வைத்தார். எரியவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். எரியவே இல்லை.

"பாத்தீங்களா?" புருஷனின் தொண்டை திறந்துகொண்டது. "மெயின் பூட்டிக் கிடக்கு, சாவி உங்க பையில இருக்கு. எங்கேருந்துய்யா கரண்ட் வரும்? அந்த வீட்டுலேருந்தாம்! அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் என்னடி சம்பந்தம்? பகல்லயே கனவு காணுறா. பாருங்க, நான் தொடுறேன், என்ன ஆகுதுன்னு பாருங்க." சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

"சார், வேணாம்." விதிப்படி குறுக்கே கையை வைத்தார்.

"எடுங்க கையை! என் வீடு, என் வயர்."

அவர் விரலுக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அப்போது அடுப்படியில் பிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி, உறுமத் தொடங்கியது. அடுப்படி விளக்கும் பளிச்சென்று எரிந்தது.

மெயின் பூட்டிக் கிடந்த வீடு அது. போர்டே கழன்று தரையில் கிடந்த வீடு. அதில் பிரிட்ஜ் ஓடியது. டெஸ்டருக்குள் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் விதிப்படி. பெரியவள் பக்கம் திரும்பினார். "எங்கேருந்தும்மா வருது?"

"பிரிட்ஜுக்குப் பின்னாடி... அந்தப் பக்கத்துலேருந்து ஒரு வயர். ரெண்டு முனையிலும் பிளக்கு."

"அட பாவிங்களா. அது வயர் இல்லம்மா, பாசக்கயிறு. அந்தப் பிளக்கை யாரும் புடுங்கக்கூடாது. புடுங்கினா கையில வர்ற கம்பியிலயே கரண்ட் இருக்கும். மொதல்ல அங்க மெயினை அணைக்கச் சொல்லுங்க."

சற்று முன்னால் அந்தப் பிளக்கைப் பிடித்துத் தொங்கியவள் அவள். அது வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. சுவரருகே ஓடினாள். ஓட்டையும் வேண்டாம், குசுகுசுவும் வேண்டாம், இரண்டு கையாலும் சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"சின்னவளே! மெயினை அணை! உடனே அணைடி!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "அக்கா? என்னக்கா இப்படிக் கத்துற? பெரியவர் வீட்டுல இல்லையா?"

"இருக்கார். நீ அணை."

பிரிட்ஜ் அடங்கியது. விளக்கு அணைந்தது. டெஸ்டரும் அணைந்தது. விதிப்படி சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அவருக்கும் எதுவும் விதிப்படி வரவில்லை. பிறகு எழுந்து, அந்த வீட்டு மெயினையும் தானே பூட்டிவிட்டு வருகிறேன் என்று இன்னொரு பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நடையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள்.

பெரியவள் காத்திருந்தாள். இப்போது வரும். கூரை பிய்ந்துபோகிற மாதிரி வரும். அந்த வீட்டோடு பேச்சு, அந்த வீட்டுக் கரண்ட், இத்தனை மாதப் பொய், அவர் கட்டின ஃபியூஸ் எரியவே இல்லை என்ற அவமானம், எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும். அவர் வாயைத் திறந்தார். அவள் தோள் இரண்டும் தானாகத் தூக்கிக்கொண்டன, கண் தானாக மூடிக்கொண்டது.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வயரைப் புடிச்சிருந்தப்ப" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், அது அவர் குரல் மாதிரியே இல்லை. "அவ வந்து மெயினைப் போடுவான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னியே, அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"செத்துப்போயிருப்பேனேடி."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். நல்ல பதிலாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. இருந்தது ஒன்றுதான்.

"நீங்க கத்துவீங்கன்னு."

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ஷாக் அடித்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். அவர் அதுவும் கேட்கவில்லை. அவளும் கொடுக்கப் போகவில்லை. பயம் இன்னும் அவள் வயிற்றில் அப்படியேதான் இருந்தது. கத்தாத புருஷனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விதிப்படி திரும்பி வந்தார். பையில் இப்போது இரண்டு சாவிகள் கிடந்தன. பிரிட்ஜை இழுத்துப் போட்டு, இரண்டு முனையிலும் வயரை வெட்டி, ஒட்டிப்போன பிளக்கைச் சுவரோடு பெயர்த்து எடுத்துக் கூடத்தில் போட்டார். ஒரு பக்கம் கருகி, உருகி, அசிங்கமாக இருந்தது. அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை. பிறகு அவர் புதுப் பெட்டிக்கு வயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். கூடம், படுக்கையறை, மோட்டார் என்று ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் எழுதினார். எல்லாவற்றுக்கும் எர்த் இழுத்தார். கடைசியாக அடுப்படிதான் பாக்கி.

"சார், நான் திருகை முறுக்கும்போது இந்த ரெண்டு வயரையும் நேராப் புடிச்சுக்கணும். புடிக்கிறீங்களா? ரெண்டு மெயினும் பூட்டியிருக்கு, சாவி என்கிட்டதான் இருக்கு. இனி பயமில்லை."

அவர் எழுந்து வந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். செம்பு நுனிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனவர், தொடவில்லை. திரும்பிப் பெரியவளைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

"நிஜமா?"

"சத்தியமா இல்லைங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாக இருந்தால் அவளுக்குப் பழக்கம், தாங்கியிருப்பாள். அது கோபம் இல்லை. இத்தனை வருஷமும் அவள் அவரைப் பார்த்த பார்வை அது.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் சொன்னார்:

"எதுக்கும் இன்னொரு தடவை டெஸ்டர் வச்சுப் பாத்துடுங்க."